சமன்பாட்டுக்குள் எத்தனால் எங்கே?

இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். இந்த ஒன்பது அணுக்களால் ஆன பொருள்கள் இரண்டு உண்டு. ஒன்று எத்தனால். 78 டிகிரி செல்சியசில் கொதிக்கும் திரவம். சானிடைசரிலும் இருக்கிறது, மதுப்புட்டியிலும் இருக்கிறது. மற்றது டைமெத்தில் ஈதர். மைனஸ் 24 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் நம் ஊர் வெப்பத்தில் அது வாயு. ஸ்பிரே டப்பாவில் உள்ளிருப்பதை வெளியே தள்ளும் வேலைக்கு அதை அடைத்து விற்கிறார்கள். எத்தனாலில் ஆக்சிஜன் சங்கிலியின் ஓரத்தில், கையில் ஒரு ஹைட்ரஜனோடு நிற்கிறது. ஈதரில் அது இரண்டு கார்பன்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மாற்றியங்கள் பற்றிய பாடம் நடத்தும்போது வழக்கமாக வரும் ஜோடி இது.

இதையே ஓர் இயற்பியலாளரிடம் கொடுத்து, குவாண்டம் இயக்கவியலின் சமன்பாட்டை எழுதச் சொல்வோம். அவர் கேட்கும் விவரம் கொஞ்சம்தான்: எத்தனை அணுக்கருக்கள், ஒவ்வொன்றின் மின்னூட்டமும் நிறையும் என்ன, எலெக்ட்ரான்கள் எத்தனை. அணுக்கருக்கள் 9, எலெக்ட்ரான்கள் 26, ஆக 35 துகள்கள். ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இயக்க ஆற்றல். ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே மின்விசை. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்கு இது போதும். எழுதி முடித்ததும் கேட்கலாம்: இது எத்தனாலின் சமன்பாடா, ஈதரின் சமன்பாடா? இரண்டுக்கும் அதேதான், ஓர் எழுத்துகூட மாறாது. எந்த அணு எதோடு ஒட்டியிருக்கிறது என்ற செய்தியை அந்தச் சமன்பாடு கேட்கவும் இல்லை, வாங்கிக்கொள்ளவும் இல்லை.

வேதியியல் முழுக்க இயற்பியலுக்குள் அடங்கிவிடுமா என்ற பழைய சண்டையை இந்த ஜோடியிலிருந்து தொடங்குவது நல்லது. பொதுவாக அது 1929இல் இருந்து தொடங்கப்படுகிறது. அந்த ஆண்டு, 26 வயது பால் டிராக், பல எலெக்ட்ரான்கள் கொண்ட அமைப்புகள் பற்றி எழுதிய கட்டுரையின் தொடக்கத்திலேயே, இயற்பியலின் பெரும்பகுதிக்கும் வேதியியல் முழுமைக்கும் வேண்டிய அடிப்படை விதிகள் தெரிந்தாகிவிட்டன, அவற்றிலிருந்து வரும் சமன்பாடுகளைத் தீர்ப்பதுதான் கடினம் என்ற பொருளில் எழுதினார். வேதியியலாளர்களைச் சீண்ட நினைப்பவர்கள் இன்றும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆகவே நடைமுறைக்கு உதவும் தோராய முறைகளை உருவாக்க வேண்டும் என்று அவர் தொடர்ந்து சொன்னதை வசதியாக விட்டுவிடுகிறார்கள். டிராக்கின் பார்வையில் மிச்சமிருந்தது கணக்குப் போடும் சிரமம் மட்டுமே. எத்தனாலும் ஈதரும் எழுப்பும் சிக்கல் அந்த வகை அல்ல. எவ்வளவு வேகமான கணிப்பொறி கிடைத்தாலும் அது அப்படியே நிற்கும்.

முதலில், கட்டமைப்பு என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். அது இயற்பியலிலிருந்து வரவில்லை. 1858இல் ஆகஸ்ட் கெகுலேயும் ஆர்ச்சிபால்ட் கூப்பரும் கார்பன் நான்கு கைகள் உடையது, ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகக் கூடியது என்று தனித்தனியே முன்வைத்தபோது, எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட இன்னும் 39 ஆண்டுகள் இருந்தன. அணு என்று ஒன்று உண்மையிலேயே உண்டா என்றே பலர் சந்தேகப்பட்ட காலம். அப்படியும் வேதியியலாளர்கள் மூலக்கூறின் வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். அவர்களிடம் இருந்த கருவி, எண்ணிப் பார்ப்பது.

டைகுளோரோமீத்தேனை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கார்பனைச் சுற்றி இரண்டு ஹைட்ரஜன், இரண்டு குளோரின். கார்பனின் நான்கு கைகளும் தாளில் வரைவதுபோல ஒரே தளத்தில், சதுரத்தின் மூலைகளை நோக்கி நீண்டிருந்தால், குளோரின்கள் அடுத்தடுத்த மூலைகளில் இருப்பது ஒரு பொருளாகவும் எதிரெதிர் மூலைகளில் இருப்பது வேறு பொருளாகவும் அமைய வேண்டும். ஆனால் கிடைத்தது ஒரே பொருள். கைகள் நான்முகியின் நான்கு முனைகளை நோக்கி இருந்தால் மட்டுமே இந்த எண்ணிக்கை பொருந்துகிறது. அங்கே எந்த இரண்டு முனைகளும் அடுத்தடுத்தவைதான். அதோடு, நான்கு கைகளிலும் நான்கு வேறு குழுக்கள் இருந்தால், இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமான இரண்டு வடிவங்கள் வர வேண்டும். லாக்டிக் அமிலத்தில் வந்தன. 1874இல் இதை எழுதிய யாகோபஸ் வான்ட் ஹாஃபுக்கு வயது 22. பாரிசில் லெ பெல் அதே ஆண்டில் இதே முடிவுக்குத் தனியாக வந்து சேர்ந்தார். லைப்சிக்கின் பெரும்புள்ளியான ஹெர்மன் கோல்பேவுக்கு இது பொறுக்கவில்லை. கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு பையன் அங்கிருந்தே ஒரு பறக்கும் குதிரையை இரவல் வாங்கி ஏறிவிட்டான் என்று 1877இல் அச்சிலேயே ஏளனம் செய்தார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அந்தப் பையனுக்குத்தான் போனது.

ஆக, குவாண்டம் இயற்பியல் பிறந்தபோது மூலக்கூறுகளுக்கு ஏற்கெனவே வடிவம் இருந்தது. புதிதாக வந்தவர்கள் செய்ய வேண்டியிருந்தது, அந்த வடிவம் ஏன் என்று சொல்வது. 1927ஆம் ஆண்டு இதற்கான மூன்று கட்டுரைகள் வந்தன. இரண்டு பாடநூல்களில் ஏறின. மூன்றாவதைப் பற்றி வேதியியல் மாணவர்கள் பெரும்பாலும் கேள்விப்படுவதே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலாவது, சூரிக்கில் வால்டர் ஹைட்லரும் ஃபிரிட்ஸ் லண்டனும் ஹைட்ரஜன் மூலக்கூறைப் பற்றி எழுதியது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்பதற்குப் பழைய இயற்பியலில் பதிலே கிடையாது. இவர்கள் இரண்டு எலெக்ட்ரான்களும் இடம் மாற்றிக்கொள்ளக்கூடியவை என்பதைக் கணக்கில் சேர்த்ததும் பிணைப்பு தானாக வந்து நின்றது. அளவு துல்லியமாக வரவில்லை: பிணைப்பு ஆற்றல் சுமார் 3.1 எலெக்ட்ரான் வோல்ட் என்றது கணக்கு, உண்மை 4.7. பரவாயில்லை, வழி கிடைத்துவிட்டது. 1933இல் ஜேம்ஸும் கூலிட்ஜும் கையால் சுற்றும் இயந்திர யுகத்துக் கணக்கிலேயே கிட்டத்தட்ட சரியான எண்ணைத் தொட்டார்கள். 1968இல் போலந்தின் கோவோஸும் வோல்னியேவிச்சும் கணிப்பொறியில் போட்ட கணக்கு, மூலக்கூறைப் பிரிக்க வேண்டிய ஆற்றல் சோதனையில் அளந்ததைவிடச் சற்றுக் கூடுதல் என்றது. வேறுபாடு பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்த வகைக் கணக்கில் தோராயம் எப்போதும் பிணைப்பைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. எனவே தவறு சோதனையில் இருக்க வேண்டும். அளந்தவர் சாதாரண ஆள் அல்ல, நிறமாலையியலின் பேராசான் கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க். அவர் மறுபடி அளந்தார். 1970இல் கணக்குதான் சரி என்று வெளியிட்டார்.

அதே ஹெர்ஸ்பெர்க்குக்கு அதே காலத்தில் இன்னொரு அடியும் விழுந்தது. மெத்திலீன் என்பது ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள, நொடிப்பொழுது வாழும் மூலக்கூறு. அதன் நிறமாலையைப் படித்து, மூன்று அணுக்களும் ஏறத்தாழ நேர்கோட்டில் இருக்கின்றன என்று அவர் 1961இல் அறிவித்திருந்தார். முந்தைய ஆண்டே பாய்ஸும் ஃபோஸ்டரும் போட்ட கணக்கு, மூலக்கூறு வளைந்தது, கோணம் 129 டிகிரி என்றது. யாரும் பொருட்படுத்தவில்லை. 1970இல் பெண்டரும் ஷேஃபரும் இன்னும் நல்ல கணக்கில் 135 டிகிரி என்றார்கள். அதே ஆண்டில் காந்தப் புலத்தில் செய்த சோதனைகளும் வளைவைக் காட்ட, ஹெர்ஸ்பெர்க் தன் நிறமாலையைத் திரும்பப் படித்து 1971இல் ஒப்புக்கொண்டார். அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்ததும் அதே ஆண்டில். கோணம் என்பது கட்டமைப்பு இல்லாமல் வேறென்ன? அதைச் சமன்பாடு சோதனைக்கு முன்பே சொன்னது. இயற்பியலுக்குள் வேதியியல் அடங்காது என்று வாதாடுபவர்கள் இந்தக் கதையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆனால் அந்தக் கணக்குகள் எப்படிப் போடப்பட்டன? அங்கேதான் 1927இன் இரண்டாவது கட்டுரை வருகிறது. கோட்டிங்கனில் மாக்ஸ் பார்னும் அவருடைய 23 வயது மாணவர் ராபர்ட் ஓப்பன்ஹைமரும் எழுதியது. மிக இலேசான அணுக்கருவான புரோட்டானே எலெக்ட்ரானைவிட 1,836 மடங்கு கனம். தேர் ஓர் அங்குலம் நகர்வதற்குள் சுற்றியிருக்கும் கூட்டம் இடம் மாறி அமைந்துவிடுவதுபோல, கருக்கள் அசையும் முன்பே எலெக்ட்ரான்கள் புது நிலைக்கு வந்துவிடும். ஆகவே கருக்களை அந்தந்த இடத்தில் அசையாமல் ஆணியடித்து வைத்துவிட்டு, எலெக்ட்ரான்களுக்கு மட்டும் சமன்பாட்டைத் தீர்க்கலாம். பிறகு கருக்களைச் சற்று நகர்த்தி மறுபடி தீர்க்கலாம். ஆற்றல் எந்த ஏற்பாட்டில் குறைவோ, அதுவே மூலக்கூறின் வடிவம்.

இன்றைய குவாண்டம் வேதியியல் ஏறக்குறைய முழுவதும் இந்த ஆணியின்மேல்தான் தொங்குகிறது. ஜான் போப்பிளின் குழு 1970இல் வெளியிட்ட காஸியன் தொடங்கி, ஆய்வுக்கூடங்களில் ஓடும் மென்பொருள் எதைத் திறந்தாலும் முதலில் கேட்பது அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைத்தான். நீங்கள் எத்தனாலின் வடிவில் ஒன்பது அணுக்களை வைத்துக் கொடுத்தால், அது நீளங்களையும் கோணங்களையும் அழகாகச் சீராக்கித் திருப்பித் தரும். ஈதரின் வடிவில் கொடுத்தால் ஈதரைச் சீராக்கித் தரும். எதோடு எது ஒட்டியிருக்கிறது என்பதைச் சொன்னவர் நீங்கள். கெகுலே காலத்து அறிவு, உள்ளீட்டுக் கோப்பின் வழியாகச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. இதைச் சுட்டிக்காட்டினால் சிலர் 2014இல் ஸ்டான்ஃபோர்டில் டாட் மார்ட்டினேஸ் குழு செய்ததைக் காட்டுவார்கள். மூலக்கூறுகளைக் கணிப்பொறிக்குள் அடைத்து அழுத்திக் குலுக்கி, எந்த வேதியியலாளரும் சொல்லித்தராத வினைகளைத் தானாக நடக்கவிட்டார்கள். நல்ல பதில், ஆனால் பாதிப் பதில். அங்கேயும் கருக்கள் குவாண்டம் துகள்கள் அல்ல; ஒரு நேரத்தில் ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பழைய காலத்துப் புள்ளிகள்தான்.

ஆணியைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று விடாமல் கேட்டவர் இங்கிலாந்தின் கை வூலி. 1976இல் ஒரு நீண்ட கட்டுரை; 1978இல் அமெரிக்க வேதியியல் கழக இதழில், மூலக்கூறுக்கு வடிவம் இருந்தே ஆக வேண்டுமா என்று தலைப்பிலேயே கேட்கும் ஒரு கட்டுரை. அவர் சொன்னதன் சாரம் இது. கருக்களையும் எலெக்ட்ரான்களையும் சமமாக நடத்தி, தனிமையில் இருக்கும் மூலக்கூறின் முழுச் சமன்பாட்டைத் தீர்த்தால், கிடைக்கும் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலைக்கு எந்தத் திசையும் சிறப்பானது அல்ல. அது உருண்டை. மேலும் ஹைட்ரஜன் கருக்கள் ஒன்றுக்கொன்று வேறுபாடற்றவை. எத்தனாலின் ஆறு ஹைட்ரஜன்களில் ஆக்சிஜனைப் பிடித்திருப்பது எது என்று அந்த நிலை சொல்லாது; ஆறும் அந்த வேலையில் சம பங்கு வகிக்கும். சூரிக்கின் ஹான்ஸ் ப்ரீமாஸ் 1981இல் வெளியிட்ட நூல் இதையே பெரிய தத்துவ வாதமாக வளர்த்தது.

மூலக்கூறைத்தான் கண்ணாலேயே பார்த்துவிட்டோமே என்று ஒருவர் எதிர்க்கலாம். 2009இல் ஐபிஎம் நிறுவனத்தின் சூரிக் ஆய்வகத்தில் லியோ கிராஸ் குழுவினர் பென்டசீனின் ஐந்து அறுகோணங்களையும் அணுவிசை நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். பாடநூல் படம் மாதிரியே இருந்தது. ஆனால் அந்த மூலக்கூறு செப்புப் பரப்பின்மேல் ஒட்டிக் கிடந்தது. படிகத்தில் எக்ஸ் கதிர் காட்டும் மூலக்கூறும் லட்சோபலட்சம் அண்டை மூலக்கூறுகளுக்கு நடுவே நெருக்கியடித்து நிற்பது. வூலி பேசியதோ தனிமையில் இருக்கும் மூலக்கூறைப் பற்றி.

வூலி சொன்னதில் ஒரு பகுதி என்னைப் பயமுறுத்தவில்லை. உருண்டை என்பது, மூலக்கூறு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது தீர்மானமாகவில்லை என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே வடிவம் இல்லை என்று சொல்லவில்லை. ஹைட்ரஜன் மூலக்கூறின் தாழ்ந்த நிலையும் உருண்டைதான். அப்படியும் இரண்டு கருக்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், சுமார் 0.74 ஆங்ஸ்ட்ராம் அருகே குவிந்த தெளிவான பதில் வருகிறது. கருக்களை ஆணியடிக்காமலேயே போட்ட கணக்கும் சோதனையும் 2019இல் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் நுட்பமாக ஒத்துப்போயின. வடிவத்தைத் தனித்தனித் துகள்களின் இருப்பிடத்தில் தேடக்கூடாது. அவற்றின் பரஸ்பரத் தூரங்களில் தேட வேண்டும்.

இதை இன்னும் அழகாகக் காட்டும் ஒரு ஜோடி உண்டு. ஹைட்ரஜன் மூலக்கூறு அயனியில் இரண்டு புரோட்டான், ஓர் எலெக்ட்ரான். ஹைட்ரைடு அயனியில் ஒரு புரோட்டான், இரண்டு எலெக்ட்ரான். மின்னூட்டங்களின் குறிகளைத் திருப்பிப் போட்டால் விசைகள் மாறுவதில்லை. எனவே இரண்டுக்கும் ஒரே சமன்பாடு, நிறைகள் மட்டும் வேறு. ஒன்றை மூலக்கூறு என்கிறோம்: இரட்டையர் இருவர் குறிப்பிட்ட தூரத்தில் நிற்கிறார்கள். மற்றதை அணு என்கிறோம்: இரட்டையர் ஒரு கனமான நடுப்புள்ளியைச் சுற்றிப் பரவிக் கிடக்கிறார்கள். 2011இல் எடித் மாத்யூஷும் உடன் ஆய்வாளர்களும் நிறையின் விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்தார்கள். அணு மாதிரியான உருவம் மூலக்கூறு மாதிரியான உருவமாக, நடுவில் முறிவு எதுவும் இல்லாமல் மாறிச் சென்றது. இங்கே கட்டமைப்பை யாரும் வெளியிலிருந்து நுழைக்கவில்லை. நிறைகளின் விகிதமே அதைக் கொண்டுவருகிறது.

மாற்றியங்களின் சிக்கல் இப்படிக் கரைவதில்லை. எத்தனால், ஈதரைவிட ஆற்றலில் மோலுக்குச் சுமார் 50 கிலோஜூல் தாழ்வானது. சமன்பாட்டிடம் மிகத் தாழ்ந்த நிலையைக் கேட்டால் எத்தனாலைப் போன்ற ஒன்றைத்தான் தரும். ஈதர் எங்கே? ஈதரின் ஆற்றலுக்குச் சற்றுக் கீழேயே, இதே அணுக்கள் எத்திலீன் ஒன்றும் நீர் ஒன்றுமாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருக்கும் நிலைகள் தொடங்கிவிடுகின்றன. கறாராகப் பார்த்தால் ஈதர், சமன்பாட்டின் நிலையான விடைகளில் ஒன்றே அல்ல. என்றோ ஒருநாள் கலைந்துபோக வேண்டிய, கலைய நேரமாகும் ஓர் ஏற்பாடு. அந்த என்றோ ஒருநாள், டப்பாவுக்குள் எத்தனை ஆண்டு வைத்தாலும் வருவதில்லை. ஆகவே ஈதரைக் கண்டுபிடிக்க, சமன்பாட்டின் நிலைகள் எவை என்று கேட்டால் போதாது. இந்த ஏற்பாட்டில் தொடங்கினால் எவ்வளவு காலம் அப்படியே இருக்கும் என்று கேட்க வேண்டும். இந்த இரண்டாம் கேள்விக்கும் சமன்பாட்டிடம் பதில் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தை அது தருவதில்லை. அதைத் தந்தது அந்தப் பொருளைத் தயாரித்த ஆலையும் அதன் வினையூக்கியும்.

இப்போது 1927இன் மூன்றாவது கட்டுரை. எழுதியவர் ஃபிரிட்ரிக் ஹுண்ட். ஆடி பிம்பங்களான இடக்கை, வலக்கை மூலக்கூறுகளுக்கு விசைகள் ஒரே மாதிரி, ஆற்றலும் ஒன்றே. அப்படியானால் குவாண்டம் விதிப்படி மிகத் தாழ்ந்த நிலை இடமும் அல்ல, வலமும் அல்ல. இரண்டும் சம அளவில் மேற்பொருந்திய ஒன்று. ஆய்வகத்தில் அப்படி ஒரு சர்க்கரையை யாரும் பார்த்ததில்லை. குப்பியில் இருப்பது ஒன்று இடக்கை, இல்லையென்றால் வலக்கை, அல்லது இரண்டின் வெறும் கலவை. கார்வோன் என்ற பொருளில் ஒரு கை புதினாவாக மணக்கிறது. மறு கை, சீரகத்தைப் போன்ற கேரவே விதையாக மணக்கிறது. மூக்குக்குத் தெரியும் வேறுபாடு சமன்பாட்டின் தாழ்ந்த நிலையில் இல்லை.

இது வெறும் தத்துவச் சிக்கல் அல்ல என்பதற்கு அம்மோனியா சாட்சி. பாடநூலில் அது ஒரு பிரமிடு: உச்சியில் நைட்ரஜன், அடியில் மூன்று ஹைட்ரஜன். காற்றில் குடை புரள்வதுபோல அது புரளும் என்றெல்லாம் சொல்வார்கள். உண்மையில் புரள்வதற்கு வேண்டிய ஆற்றல் அதனிடம் இல்லாமலேயே, குவாண்டம் சுரங்க விளைவால், நைட்ரஜன் ஹைட்ரஜன்களின் தளத்தை ஊடுருவி மறுபக்கம் போய்த் திரும்புகிறது, விநாடிக்குச் சுமார் 2,400 கோடி முறை. இதனால் வரும் நிறமாலைக் கோட்டை 1934இல் கிளீட்டனும் வில்லியம்ஸும் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் அலைநீளத்தில் கண்டார்கள். 1954இல் சார்லஸ் டவுன்ஸ் உருவாக்கிய முதல் மேசர் இந்த இரண்டு நிலைகளை வைத்துத்தான் இயங்கியது. அதாவது, இடமும் வலமும் மேற்பொருந்திய நிலை கற்பனை அல்ல. அதை வைத்து ஒரு கருவியே செய்துவிட்டார்கள். அந்த நிலையில் அம்மோனியா பிரமிடு அல்ல. அதே அம்மோனியா பிற மூலக்கூறுகளோடு வினைபுரியும்போது பிரமிடாகத்தான் நடந்துகொள்கிறது.

நைட்ரஜனுக்குப் பதிலாகக் கனமான பாஸ்பரசைப் போட்டால் புரளும் வேகம் வெகுவாக விழுந்துவிடும். சர்க்கரையில், பல அணுக்கள் சேர்ந்து நகர வேண்டியிருப்பதால், ஒருமுறை கை மாறப் பிரபஞ்சத்தின் வயதும் போதாது. ஹுண்டின் விடை இதுதான்: இடக்கையில் தொடங்கிய மூலக்கூறு இடக்கையிலேயே இருப்பது, நாம் பார்க்கும் கால அளவில் அது மாற வழியில்லாததால். பிலிப் ஆண்டர்சன் 1972இல் சயின்ஸ் இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் அம்மோனியாவிலிருந்து சர்க்கரை வரை இதே படிகளில்தான் ஏறினார்.

ஹுண்டின் விடையில் ஓர் ஓட்டை மிச்சம் இருந்தது. எல்லா மூலக்கூறும் ஏதோ ஒரு கையில் தொடங்குவானேன்? மேற்பொருந்திய நிலையில் ஒன்றாவது தொடங்கக்கூடாதா? இதற்கு நல்ல பதில் வர நெடுங்காலம் ஆனது. 2009இல் யோகன்னஸ் ட்ரோஸ்டும் கிளாவ்ஸ் ஹோர்ன்பெர்கரும், கன ஹைட்ரஜனும் கந்தகமும் சேர்ந்த ஓர் எளிய மூலக்கூறை ஹீலியம் வாயுவுக்குள் வைத்துக் கணக்கிட்டார்கள். வந்து மோதும் ஒவ்வொரு ஹீலியம் அணுவும் இடக்கையில் ஒரு மாதிரியும் வலக்கையில் வேறு மாதிரியும் சிதறிப் போகிறது. போகும்போது எந்தக் கை என்ற செய்தியையும் எடுத்துச் செல்கிறது. மோதல்கள் போதிய அளவு அடர்ந்ததும் மேற்பொருந்திய நிலை தாக்குப்பிடிக்க முடிவதில்லை; மூலக்கூறு ஒரு கையில் உறைகிறது. வடிவம் மூலக்கூறின் தனிச்சொத்து அல்ல. பாதி அதன் அண்டை அயலாரால் வருவது.

ராபின் ஹெண்ட்ரி போன்ற தத்துவவாதிகள் இங்கிருந்து ஒரு படி மேலே போய், கட்டமைப்பு என்பது இயற்பியலிலிருந்து பெற முடியாமல் புதிதாக எழுவது, துகள்களின் நடத்தையை மேலிருந்து கட்டுப்படுத்துவது என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஹீலியமும் துகள்கள்தான், மோதலும் அதே சமன்பாட்டின்படிதான். மேலிருந்து எதுவும் இறங்கி வரவில்லை. அதே சமயம், டிராக் நினைத்ததுபோல எஞ்சியிருந்தது கணக்கு மட்டுமே என்றும் சொல்ல மாட்டேன். கட்டமைப்பு, காலத்தைப் பற்றிய செய்தி. எவ்வளவு நேரம் பார்க்கிறோம், எதன் நடுவே பார்க்கிறோம், எங்கிருந்து தொடங்கியது என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லாமல் ஒரு மூலக்கூறின் வடிவம் என்ன என்று கேட்டால் கேள்வியே முழுமையாகவில்லை. வேதியியலாளர்கள் இந்த மூன்றுக்கும் பதிலைக் குப்பியில் ஒட்டிய சீட்டைப் படிக்கும்போதே அறிந்துகொள்கிறார்கள். அதனால்தான் கேட்க வேண்டும் என்றே தோன்றுவதில்லை.

காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு புல்வலீன் என்ற வேடிக்கையான மூலக்கூறு உண்டு. பத்துக் கார்பன், பத்து ஹைட்ரஜன். வில்லியம் டோரிங் காகிதத்தில் கற்பனை செய்தது. 1963இல் கெர்ஹார்ட் ஷ்ரோடர் தயாரித்தே விட்டார். அதன் பிணைப்புகள் ஓயாமல் அவிழ்ந்து வேறிடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. பத்துக் கார்பன்களும் 12 லட்சத்துக்கு மேற்பட்ட ஏற்பாடுகளில் சுற்றி வருகின்றன. நன்றாகக் குளிரவைத்து அணுக்காந்த ஒத்ததிர்வில் பார்த்தால் பல வகை ஹைட்ரஜன்கள் தெரியும். சுமார் 100 டிகிரியில் பார்த்தால் ஒரே ஒரு கூர்முனைதான்: எல்லா ஹைட்ரஜனும் ஒன்றுபோல. கருவியின் ஒரு பார்வைக்குள் மூலக்கூறு அத்தனை முறை மாறிவிடுகிறது.

எதிர்த் திசையில் ஓர் எடுத்துக்காட்டு சென்னையிலிருந்து. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று ஆராய்ந்தார்கள். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை அவர்கள் தொடவே இல்லை. பிணைப்பு நீளங்களும் கோணங்களும் படிகங்களிலிருந்து தெரிந்தவை. அணுக்களைக் கெட்டியான கோளங்களாக வைத்துக்கொண்டார்கள். எந்த இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு ஒரு பட்டியல். சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் சுழலக்கூடிய இரண்டு கோணங்களைத் திருப்பித் திருப்பி, எங்கே கோளங்கள் இடித்துக்கொள்கின்றன என்று குறித்தார்கள். வரைபடத்தின் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட பகுதியாகிவிட்டது. மிஞ்சிய தீவுகளில்தான் இன்று அளக்கப்படும் புரதங்களும் வந்து விழுகின்றன. புதிதாகத் தீர்க்கப்படும் புரதக் கட்டமைப்பு எதையும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்ப்பது இன்றும் வழக்கம். அந்தக் கோளங்கள் ஏன் கெட்டியாக இருக்கின்றன என்று கேட்டால் பதில் பாலியின் விலக்கல் விதி, அதாவது முழுக்குவாண்டம். ஆனால் அந்தப் பதில் தெரியாமலேயே வரைபடம் வேலை செய்யும். உயிரணுவின் வெப்பத்தில், அதன் நெரிசலில், அதன் கால அளவில் கட்டமைப்பு அவ்வளவு உறுதியானது.

உறுதி முற்றிலும் இல்லாத மூலக்கூறும் உண்டு. மீத்தேனோடு ஒரு புரோட்டானைச் சேர்த்தால் ஒரு கார்பனைச் சுற்றி ஐந்து ஹைட்ரஜன் கொண்ட அயனி கிடைக்கும். நான்கு கைகள் உள்ள கார்பனுக்கு ஐந்து ஹைட்ரஜன்! ஆணியடித்த கணக்கில் இதற்கு 120 சமமான ஏற்பாடுகள் வருகின்றன, ஐந்து ஹைட்ரஜன்களை வரிசை மாற்றும் 120 வழிகளுக்கும் ஒவ்வொன்று. அவற்றுக்கு இடையே இருக்கும் தடைகள் மிகத் தாழ்வானவை. மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போதுகூட அயனி அவற்றைத் தாண்டி எல்லா ஏற்பாடுகளிலும் ஒருசேரப் பரவிக் கிடக்கிறது. 1999இல் சிகாகோவில் தகேஷி ஓகாவின் குழு இதன் அகச்சிவப்பு நிறமாலையை வெளியிட்டபோது நூற்றுக்கணக்கான கோடுகள் இருந்தன, ஒன்றுக்குக்கூட இது இந்த அசைவு என்று பெயர் சூட்ட முடியவில்லை. வழக்கமாக நிறமாலையைப் படிப்பவர் முதலில் ஒரு வடிவத்தை ஊகித்து, அது அதிர்வதையும் சுழல்வதையும் பிரித்துக் கணக்கிடுவார். இங்கே ஊகிக்க வடிவம் இல்லை. 2015இல் கொலோன் பல்கலைக்கழகத்தின் ஆஸ்வானி, ஷ்லெம்மர் குழு அயனியைச் சில கெல்வின் வரை குளிரவைத்து, எந்த வடிவத்தையும் ஊகிக்காமல், கோடுகளுக்கு இடையேயான வித்தியாசங்களை மட்டும் வைத்துத் தாழ்ந்த ஆற்றல் மட்டங்களைப் பிரித்தெடுத்தது. அடுத்த ஆண்டு ஷ்மீட், யென்சன், ஷ்லெம்மர் மூவரும் அயனி சுழல்வதையும் உள்ளே ஹைட்ரஜன்கள் இடம் மாறுவதையும் தனித்தனியாகப் பிரிக்கும் முயற்சியையே கைவிட்டு, இரண்டையும் சேர்த்து ஐந்து பரிமாண வெளியில் நடக்கும் ஒரே சுழற்சியாக எடுத்துக்கொண்டார்கள். கொலோனில் அளந்த மட்டங்கள் அந்தக் கணக்கோடு ஒத்துவரத் தொடங்கின.